பழைய ராக் பாடல்களை சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவுடன் மேடையேற்றுவது எப்படி: கோலாலம்பூர் பேண்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராக் பேண்ட் நினைவிலிருந்து வாசிக்கும். சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ரா தாளைப் பார்த்து வாசிக்கும். கோலாலம்பூரில் நான் பார்த்த முயற்சிகளில் பெரும்பாலானவை தடுமாறியது இந்த இடத்தில்தான். பேண்டில் நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சோலோவை இன்னொரு சுற்று விடுவார்கள், கடைசிப் பல்லவியை நீட்டுவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் அறுபது பேருக்கு அந்தக் கண்ஜாடை தெரியாது. அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிற பார் (கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) முடிந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

அதனால் முதல் வேலை, உங்கள் நினைவில் இருக்கும் பாடலைத் தாளுக்குக் கொண்டுவருவது. வயலினுக்கு என்ன எழுதலாம் என்ற யோசனையெல்லாம் அதற்கு அப்புறம். கீழே உள்ள படிகளின் வரிசை இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

சொந்தப் பாடல்கள் வைத்திருக்கும் தமிழ் ராக் பேண்டை மனதில் வைத்து எழுதுகிறேன். பிறர் பாடலை வாசிப்பவர்களுக்கும் பொருந்தும், முதல் படியில் மட்டும் வேலை கூடும்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

பாடலின் பழைய பதிவு. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவான மல்டிட்ராக் கிடைத்தால் மிக நல்லது. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் ஸ்வரங்களும் ஒன்றாக உள்ள தாள்) எழுதத் தெரிந்த ஓர் அரேஞ்சர். ட்ரம்ஸோடும் கிளிக்கோடும் (காதில் ஓடும் தாளத் தட்டு) வேலை செய்யத் தயங்காத ஒரு கண்டக்டர். பேண்டில் நோட்ஸ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது, பெரும்பாலும் கீபோர்ட் வாசிப்பவர். நோட்டேஷன் மென்பொருள்: சிபேலியஸ், டோரிகோ, அல்லது இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர். அப்புறம் காலம். பத்துப் பன்னிரண்டு பாடல்களுக்கு ஐந்தாறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி மாதத்தில் நிகழ்ச்சி என்றால் ஏப்ரலிலேயே தொடங்கிவிட வேண்டும்.

1. பாடல் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

பாடலை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதுவது சட்டப்படி ஒரு தழுவல். அதற்கான அனுமதி மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை உள்ளவரிடமிருந்து வர வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசைப்படைப்பின் உரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. உங்கள் பாடல் எவ்வளவு பழையதாக இருந்தாலும் யாரோ ஒருவர் கையில் அந்த உரிமை இருக்கும்.

புதியவர்கள் இங்கே இரண்டு அனுமதிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். எம்ஏசிபி போன்ற உரிம அமைப்பிடம் வாங்குவது பொதுமேடையில் வாசிப்பதற்கான உரிமம். மாற்றி எழுதும் அனுமதி அதில் அடங்காது, தனியாகக் கேட்க வேண்டும். நிகழ்ச்சியைப் பதிவுசெய்து வெளியிடுவது மூன்றாவது விஷயம். அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

"நாங்களே எழுதிய பாட்டுதானே" என்று விட்டுவிடாதீர்கள். பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பேண்டை விட்டுப் போன பழைய உறுப்பினர் வரிகளில் பங்கு வைத்திருக்கலாம். ஸ்கோருக்குப் பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால், அந்தப் பாடலை அப்படியே ஓரங்கட்ட வேண்டியதுதான்.

2. பாடல்களைத் தேர்ந்தெடுங்கள்

ரசிகர்கள் அதிகம் கேட்கும் பாடல்தான் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டு), ஒரே வேகம், முதலிலிருந்து கடைசிவரை முழுச் சத்தம் என்று ஓடும் பாடலில் அறுபது பேருக்கு வேலை இருக்காது. சேர்த்தால் ரிஃப்பைப் பருமனாக்கலாம், அவ்வளவுதான்.

நடுவில் அமைதியாகும் இடம் உள்ள பாடல், சரணத்துக்கும் பல்லவிக்கும் ஸ்வரங்கள் மாறும் பாடல், பழைய பதிவில் கீபோர்டில் வயலின் ஒலி வைத்துச் சமாளித்த பாடல் ஆகியவற்றை முதலில் எடுங்கள். அன்றே அந்தப் பாடல் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு பாடல்களையாவது ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் பேண்ட் மட்டும் வாசிக்க ஒதுக்குங்கள். டிரம்பெட், ஹார்ன் வாசிப்பவர்களின் உதடு தசைதானே, அதற்கு ஓய்வு வேண்டும். இதை மறந்த நிகழ்ச்சிகளில் எட்டாவது பாடலுக்கு மேல் பிராஸ் பகுதியின் சுருதி இறங்குவது சபையில் இருப்பவர்களுக்கே கேட்கும்.

3. கட்டையை (பாடும் சுருதியை) இப்போதே முடிவு செய்யுங்கள்

பாடகருக்கு இருபத்தைந்து வயதில் எட்டிய உச்சஸ்தாயி நாற்பத்தைந்தில் எட்டாமல் போகலாம். பாடகரை நிற்கவைத்து, எல்லாப் பாடல்களையும் தொடர்ந்து பாடச் சொல்லிக் கேளுங்கள். தனித்தனியாகப் பாடினால் எல்லாம் எட்டும். இரண்டு மணி நேர நிகழ்ச்சியின் கடைசியில் எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்கோர் எழுதிய பிறகு அரைக்கட்டை இறக்குவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை போலத் தெரியும். உண்மையில் வயலினின் அடி ஸ்வரம் எல்லை தாண்டிவிடும், திறந்த கம்பிகள் (விரல் வைக்காமல் ஒலிப்பவை) கைவிட்டுப் போகும், எழுதியதில் பாதி உடையும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல ராக் பேண்டுகள் கிட்டாரை அரைக்கட்டை இறக்கிச் சுருதி சேர்த்திருக்கும். கிட்டாரிஸ்ட் "இ மைனர்" என்று சொல்வார், கேட்பது இ பிளாட் மைனர், நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. அரேஞ்சர் அவர் சொன்னதை நம்பி எழுதினால், முதல் ஒத்திகையில் எல்லாரும் அரைக்கட்டை விலகி நிற்பார்கள். வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள், டியூனரை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: இ பிளாட் மைனரில் ஆறு பிளாட் (அரைக்கட்டை இறங்கிய ஸ்வரங்கள்). வயலினின் திறந்த கம்பிகளான ஜி, டி, ஏ, இ நான்கில் ஒன்றுகூட அந்த ஸ்கேலில் இல்லை. கம்பி வாத்தியங்கள் மங்கிக் கேட்கும், சுருதி நிறுத்துவதும் கடினம். அதையே டி மைனருக்குக் கொண்டுவந்தால் நான்கு கம்பிகளும் ஸ்கேலுக்குள் வந்துவிடும். இ மேஜரும் இப்படித்தான். கிட்டாருக்கு அது சொர்க்கம். பி பிளாட் டிரம்பெட்டுக்கோ அது எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். பாடகர் குரல் இடம் கொடுத்தால் அரைக்கட்டை, ஒரு கட்டை நகர்த்திப் பாருங்கள். கிட்டாரிஸ்ட் ஒரு வாரம் முணுமுணுப்பார், அப்புறம் பழகிவிடும்.

கடைசியாக, ஆர்கெஸ்ட்ரா எந்த சுருதிக்கு ஏ-வை வைக்கிறது என்று கேளுங்கள். 440 ஹெர்ட்ஸாக இருக்கலாம், 442 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 8 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைக்கட்டை). கீபோர்டையும் எல்லா டியூனர்களையும் அதற்கு மாற்றிவையுங்கள். பதிவிலிருந்து எடுத்த ஒலித்துண்டு ஏதாவது மேடையில் ஓடுகிறது என்றால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

4. வேகத்தையும் நீளத்தையும் பூட்டுங்கள்

பழைய பதிவு கிளிக் இல்லாமல் பதிவானது என்றால் வேகம் ஏறி இறங்கும். நிமிடத்துக்குச் சரணம் 96 அடி, பல்லவி 100, சோலோவில் 103. அது தப்பு இல்லை. பாட்டுக்கு உயிர் தருவது சில சமயம் அதுதான். ஆனால் அதை அளந்து எழுதிவைக்க வேண்டும். பதிவைக் கணினியில் ஏற்றி, பகுதிவாரியாக வேகத்தைக் குறியுங்கள். எந்த ஏற்ற இறக்கம் வேண்டும், எது களைப்பில் வந்தது என்று பேண்ட் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். அந்த வரைபடத்திலிருந்துதான் கிளிக் உருவாகும்.

அடுத்து நீளம். சோலோ எத்தனை பார்? கடைசிப் பல்லவி எத்தனை முறை? முடிவு மங்குகிறதா, வெட்டுகிறதா? பதிவில் ஒலி மெல்லத் தேய்ந்து முடியும் பாடலுக்கு மேடையில் முடிவே கிடையாது. அதைப் புதிதாக எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு ஒத்திகைக்கு வரும் பேண்டுகள் ஏராளம்.

கூட்டத்தைப் பாடவைக்கும் இடம் உங்களுக்கு முக்கியம் என்றால் அதை விட வேண்டாம். நாலு பார் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுற்றாக எழுதி, கண்டக்டர் கை காட்டும்போது வெளியேறும்படி வையுங்கள். ஒரு பாடலில் ஒரே இடத்தில் மட்டும். அந்த இடத்தில் கிளிக்கை நிறுத்திவிட்டு, ட்ரம்மரும் கண்டக்டரும் கண் பார்த்து நடத்த வேண்டும். எத்தனை சுற்று என்று முன்பே தெரியாத இடத்தில் கிளிக் ஓடினால் அடுத்த பகுதி தவறான பாரில் வந்து விழும்.

இதெல்லாம் முடிந்ததும் பேண்ட் மட்டும் புதிய கட்டையில், புதிய நீளத்தில், கிளிக்குடன் ஒரு டெமோ பதிவு செய்யட்டும். இனி இதுதான் பாடல். பழைய பதிவை எல்லாரும் மறந்துவிட வேண்டும்.

5. ஆர்கெஸ்ட்ராவின் அளவும் அரங்கும்

இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் மைக் இல்லாத இசைக்காகக் கட்டப்பட்டது. மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 1998இலிருந்து அங்கே வாசிக்கிறது. வயலினுக்கு அது வரம். ஸ்நேர் ட்ரம்முக்கு அந்த எதிரொலி எதிரி. அங்கே வாசிக்க வேண்டுமானால் ட்ரம்மர் கை அடக்கி வாசிப்பவராக இருக்க வேண்டும். தேசிய சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவின் இருப்பிடமான ஜாலான் துன் ரசாக்கின் இஸ்தானா புடாயா ஒரு நாடக அரங்கு. ஒலிபெருக்கியோடு வேலை செய்ய அது வசதி. செந்தூலில் உள்ள கேஎல்பேக் கலை மையத்தின் பெரிய அரங்கில் சுமார் 500 பேர் உட்காரலாம். முழு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், சின்னக் குழு போதும் என்றால் அது பொருத்தம். பினாங்கில் என்றால் ஜார்ஜ் டவுனின் டேவான் ஸ்ரீ பினாங்கை முதலில் போய்ப் பாருங்கள்.

மேடையின் அகலத்தையும் ஆழத்தையும் நேரில் அளந்த பிறகே ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ட்ரம்ஸ், ஆம்ப், கீபோர்ட், பாடகர் நடமாடும் இடம் எல்லாம் போக மீதியில்தான் ஆர்கெஸ்ட்ரா.

பணம் குறைவு என்றால் எல்லாப் பகுதியிலும் ஒவ்வொருவரைக் குறைக்காதீர்கள். முதல் வயலினில் மூன்று பேர் மட்டும் இருந்தால் ஒவ்வொருவரின் சுருதியும் தனித்தனியாகக் கேட்கும். கம்பி வாத்தியங்களை முதல் வயலின் 8, இரண்டாம் வயலின் 6, வயோலா 4, செல்லோ 4, டபுள் பேஸ் 2 என்ற அளவுக்குக் கீழே கொண்டுபோகாமல், புல்லாங்குழல், ஓபோ போன்ற உட்விண்டை மொத்தமாக விடுவது மேல். இது என் தேர்வு. சில அரேஞ்சர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ராக் ட்ரம்ஸ் ஓடும்போது புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயி கேட்கவே போவதில்லை.

வெளிநாட்டுக் கலைஞர் யாராவது வந்தால், சென்னையிலிருந்து ஒரு பாடகர் வந்தாலும்கூட, வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான அரசுக் குழுவான புஸ்பால் வழியாக அனுமதி வாங்க வேண்டும். கோலாலம்பூரில் பொது நிகழ்ச்சிக்கான கேளிக்கை உரிமத்தை மாநகர மன்றமான டிபிகேஎல் தருகிறது. அரங்கின் நிர்வாகியிடம் கேட்டால் எது யார் பொறுப்பு என்று சொல்வார். தேதி உறுதியான வாரமே கேட்டுவிடுங்கள்.

6. சேர்க்கும் முன் எடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப்போகிறார்கள். டிஸ்டார்ஷன் போட்ட இரண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், கீபோர்ட் சேர்ந்தால் கேட்கும் எல்லா அலைவரிசையும் ஏற்கெனவே நிறைந்துவிடும். அதன் மேல் அறுபது பேரை ஏற்றினால் சத்தம் கூடும், இசை கூடாது. பேண்ட் எங்கே கை எடுக்கிறதோ அங்கேதான் ஆர்கெஸ்ட்ராவுக்கு இடம்.

கீபோர்டில் வாசித்த வயலின் ஒலி, பிராஸ் ஒலி எல்லாவற்றையும் முதலில் நீக்குங்கள். உண்மையான வயலினும் கீபோர்ட் வயலினும் ஒன்றாக வாசித்தால் கீபோர்ட்தான் ஜெயிக்கும், ஏனென்றால் அது நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. ரிதம் கிட்டாரை ஒரு சரணம் முழுக்க நிறுத்திப் பாருங்கள். இரண்டாம் கிட்டாரிஸ்டுக்கு அக்கூஸ்டிக் கொடுங்கள். ட்ரம்மர் சரணத்தில் க்ராஷ் சிம்பலை விட்டால் போதும், வயலினின் மேல்ஸ்தாயி உடனே வெளியே வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன.

இதைப் பேண்டிடம் சொல்வது சங்கடம். இருபது வருடமாக வாசித்த பகுதியை விடச் சொல்கிறீர்கள். ஸ்கோர் எழுதத் தொடங்கும் முன்னே, நேரில் உட்காரவைத்து, டெமோவில் அந்தக் கிட்டாரை நிறுத்திக் காட்டிச் சொல்லுங்கள். ஒத்திகையில் எல்லார் முன்னாலும் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

7. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவது

முதலில் ஒரு தாளில், பகுதிவாரியாக, ஆர்கெஸ்ட்ரா என்ன செய்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "முதல் சரணம்: செல்லோ மட்டும், பாடகருக்கு எதிர்மெட்டு." "பல்லவி: ஹார்ன் ரிஃப்பை எடுக்கிறது, கிட்டார் நீளமாகப் பிடிக்கிறது." "இரண்டாம் சரணம்: ஒன்றும் இல்லை." பாடல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஸ்வரம் எழுதிய பிறகு கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, வயலின்கள் பாடல் முழுக்க நீண்ட கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) பிடித்துக்கொண்டிருப்பது. கீபோர்ட் பழக்கத்தில் வருவது இது. அதற்கு இத்தனை பேரைக் கூப்பிட வேண்டியதில்லை. கம்பி வாத்தியங்களுக்குத் தாளம் கொடுங்கள், எதிர்மெட்டு கொடுங்கள், மௌனமும் கொடுங்கள்.

இரண்டாவது தவறு, ரிஃப்பை எல்லா வாத்தியத்துக்கும் அப்படியே ஒட்டுவது. நிமிடத்துக்கு 160 வேகத்தில் பதினாறாம் ஸ்வரங்கள் என்றால் வினாடிக்குப் பத்துக்கும் மேல். கிட்டார் பிக்குக்கு அது சாதாரணம். டபுள் பேஸில் அது குழைந்து ஒரு உறுமலாகும், ட்ரோம்போன் ஸ்லைடால் எட்டவே முடியாது. ரிஃப்பின் அழுத்த ஸ்வரங்களை மட்டும் அவற்றுக்குக் கொடுத்து, ஓட்டத்தைக் கிட்டாரிடமே விடுங்கள். சேர்ந்து கேட்கும்போது எல்லாரும் முழுதாக வாசிப்பது போலவே இருக்கும்.

பவர் கார்டில் மூன்றாம் ஸ்வரம் கிடையாது, மூலமும் ஐந்தாமும்தான். டிஸ்டார்ஷனில் மூன்றாமைச் சேர்த்தால் கலங்கும் என்பதால் கிட்டாரிஸ்டுகள் அதை விட்டிருக்கிறார்கள். அந்தக் காலி இடம் அரேஞ்சருக்குக் கிடைத்த பரிசு. வயோலாவோ இரண்டாம் வயலினோ ஒரு ஸ்தாயி மேலே அந்த மூன்றாமை வாசித்தால் அதே ரிஃப் திடீரென்று சோகமாகும், அல்லது வெளிச்சமாகும். பழைய பாடலுக்குப் புதிய முகம் கொடுக்க நான் முதலில் தேடும் இடம் இதுதான்.

அடித்தளத்தில் கூட்டம் சேர்க்காதீர்கள். பேஸ் கிட்டார், டபுள் பேஸ், செல்லோ, ட்யூபா, கிக் ட்ரம் எல்லாம் ஒரே இடத்தில் இறங்கினால் சேறு. பேஸ் கிட்டார் ஓடுகிறபோது செல்லோவை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள்.

குரலின் ஸ்தாயியில் டிரம்பெட்டையும் ஓபோவையும் வைத்தால் வரிகள் புரியாது. தமிழில் வல்லின மெய்கள் அடுத்தடுத்து வரும் வரிகளில் இது இன்னும் மோசம். பாடகர் மூச்சு விடும் இடத்தில் அவர்களை நுழையுங்கள். அவர்களும் மூச்சு விட வேண்டியவர்கள்தான், நீண்ட நேரம் இடைவெளியில்லாமல் எழுதினால் வாசிப்பது கடினம்.

கணினியில் கேட்கும் மாதிரியை நம்பி முடிவு எடுக்காதீர்கள். அதில் ஒற்றைப் புல்லாங்குழலை மூன்று டிரம்பெட்டுக்குச் சமமாக உயர்த்திவிடலாம். மேடையில் அது நடக்காது. நேரில் ஆர்கெஸ்ட்ரா கேட்ட பழக்கம் இல்லையென்றால், எழுதத் தொடங்கும் முன் நாலைந்து கச்சேரிகளுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து எது எதை மூழ்கடிக்கிறது என்று கவனியுங்கள்.

8. ராகம், கமகம், தாளவாத்தியம்

நம் பேண்டுகளின் பாடல்களில் பெரும்பாலும் எங்காவது ஒரு ராகத்தின் சாயல் இருக்கும். கார்டு போடும்போது அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையில், அதாவது சி-யில், கல்யாணி என்றால் எஃப் ஷார்ப், அதாவது பிரதி மத்யமம். பழக்க தோஷத்தில் எஃப் மேஜர் கார்டைப் போட்டால் சுத்த மத்யமம் உள்ளே வந்து ராகமே மாறிவிடும். டி மேஜர் கார்டு அங்கே சரியாக உட்காரும். மோகனத்தில் ம-வும் நி-யும் கிடையாது. அவை உள்ள கார்டைப் போடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்து போடுங்கள்.

கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பது) உள்ள மெட்டை முதல் வயலின் முழுவதற்கும் கொடுக்காதீர்கள். எழுதிய ஸ்வரத்தை எட்டுப் பேர் எட்டு விதமாக வழுக்குவார்கள். கமகத்தைப் பாடகரிடமோ ஒரு கர்நாடக வயலின் கலைஞரிடமோ விட்டுவிட்டு, ஆர்கெஸ்ட்ரா கீழே அசையாத ஸ்வரங்களைப் பிடிக்கட்டும். அப்போதுதான் அசைவு அழகாகத் தெரியும்.

தப்பு மேளமும் உறுமியும் சேர்க்கிறீர்கள் என்றால் அவற்றை ட்ரம்ஸ் போலவே நடத்த வேண்டும்: தனி இடம், தடுப்பு, வயலின் மைக்குகளிலிருந்து தூரம். தபேலா, மிருதங்கக் கலைஞர்கள் ஆவர்த்தனத்தில் எண்ணுவார்கள், ஆர்கெஸ்ட்ரா பாரில் எண்ணும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் நாலு-நாலில் இரண்டு பார், மிஸ்ர சாபு ஏழு-எட்டில் ஒரு பார் என்று இருவருக்கும் பொதுவான ஒரு தாள் தயாரியுங்கள். தீர்மானம் (தாளவாத்தியத்தின் முத்தாய்ப்பு) எந்தப் பாரில் தொடங்கி எங்கே விழுகிறது என்பதைக் கண்டக்டரின் ஸ்கோரில் பெரிதாக எழுதுங்கள். அந்த இடத்தில் அவர் கையைத் தாழ்த்தாமல் இருக்க அது உதவும்.

9. பார்ட்களைத் தயாரியுங்கள்

ஸ்கோர் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித் தாள் வேண்டும். ஒத்திகை நேரத்தில் பாதியைத் தின்பது மோசமான பார்ட்கள்தான்.

ஏ4 சிறியது. இரண்டு வயலின் கலைஞர்கள் ஒரே ஸ்டாண்டைப் பகிர்வதால் தூரத்திலிருந்து படிக்க வேண்டும். ஏ3 தாளில் அச்சிட்டு, ஏ4-ஐவிடப் பெரிதாக வெட்டுங்கள். ஐந்து கோடுகளின் உயரம் 7.5 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். மேடை விளக்கு பளபளக்காத, தடிமனான தாள் வேண்டும்.

பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இருக்க வேண்டும். பாரின் எண் ஒவ்வொரு வரியிலும், ஏ, பி, சி என்ற ஒத்திகை எழுத்துகள் பல்லவி, சரணம் தொடங்கும் இடங்களில். பேண்டின் தாளிலும் அதே எண்கள், அதே எழுத்துகள். "இரண்டாம் சரணத்திலிருந்து போவோம்" என்று பாடகர் சொன்னால் ஆர்கெஸ்ட்ராவுக்குப் புரியாது. "எஃப்-இலிருந்து" என்றால் எல்லாரும் ஒரே நொடியில் அங்கே இருப்பார்கள். முப்பது பார் சும்மா இருக்கும் டிரம்பெட் பார்ட்டில், நுழைவதற்கு முந்தைய பாடல் வரியைச் சின்னதாக எழுதுங்கள். கலைஞர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது, அதனால் ஒலிப்பை ரூமி (ஆங்கில) எழுத்தில் கொடுக்க வேண்டும்.

எழுதியது ஒன்று, ஒலிப்பது வேறு என்றிருக்கும் வாத்தியங்களின் பார்ட்டை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். எஃப் ஹார்ன் எழுதியதைவிட ஐந்தாம் ஸ்வரம் கீழே ஒலிக்கும், பி பிளாட் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஒரு முழு ஸ்வரம் கீழே. மென்பொருளில் ஒரு அமைப்பு தவறினால் அந்தப் பார்ட் முழுவதும் வீண்.

ஒத்திகைக்கு மூன்று வாரம் முன்னால் பார்ட்கள் ஆர்கெஸ்ட்ராவின் நூலகரிடம் இருக்க வேண்டும். முதல் வயலின் தலைவர் வில்லின் போக்கை முடிவு செய்து குறிக்க வேண்டும், அது மற்ற கம்பிப் பகுதிகளுக்கும் போக வேண்டும். முந்தைய இரவு மின்னஞ்சலில் அனுப்பினால் இதெல்லாம் நடக்காது.

10. பேண்ட் மட்டும் ஒத்திகை

ஆர்கெஸ்ட்ராவைப் பார்க்கும் முன் பேண்ட் தயாராக இருக்க வேண்டும். ஸ்கோரிலிருந்து கணினி வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவைக் காதில் போட்டு, கிளிக்குடன், முழு நிகழ்ச்சியையும் வாசியுங்கள். நோட்ஸ் படிக்காதவர்களுக்கு, "எட்டுப் பார் சும்மா, பிறகு ரிஃப்" என்று எழுதிய ஒரு பக்கத் தாள் போதும். கிளிக்கிலேயே "சரணம், மூன்று, நாலு" என்று குரல் பதிந்துவைத்தால் இன்னும் நல்லது.

இதே காலத்தில் கண்டக்டரும் ட்ரம்மரும் தனியாக ஒருநாள் உட்கார வேண்டும். எந்தப் பாடலை யார் தொடங்குவது, ட்ரம்மரின் குச்சித் தட்டா, கண்டக்டரின் கோலா? ஆர்கெஸ்ட்ராக்கள் பழக்கத்தில் கோல் விழுந்த பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் ஒலி எழுப்பும். ட்ரம்மருக்கு அது பின்தங்குவதாகப் படும், அவர் காத்திருப்பார், இருவரும் சேர்ந்து இழுபடுவார்கள். ட்ரம்மர் கிளிக்கை விட்டு நகரக் கூடாது. ஆர்கெஸ்ட்ராவை முன்னே கொண்டுவருவது கண்டக்டரின் பொறுப்பு. இதை வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள்.

11. மேடையும் ஒலியும்

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி எடுக்கும். ட்ரம்ஸிலிருந்து 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஹார்ன் கலைஞருக்கு 45 மில்லிவினாடி தாமதம். காதால் கேட்டு வாசித்தால் அவர் பின்தங்கித்தான் வாசிப்பார். அதனால் கிளிக்கோ, ட்ரம்ஸ் கலந்த மானிட்டரோ (வாசிப்பவர் கேட்பதற்கான ஸ்பீக்கர்) அவருக்கு அருகிலேயே போக வேண்டும்.

ட்ரம்ஸைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பு. கிட்டார் ஆம்ப்களை மேடைக்கு வெளியே வையுங்கள், அல்லது ஆம்ப் மாடலர் (ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் கருவி) பயன்படுத்துங்கள். பேண்டுக்குத் தரை மானிட்டர் வேண்டாம், காதுக்குள் வைப்பவை போதும். காரணம் எளிது: வயலினுக்கு மைக் வைத்து உயர்த்தும்போது அந்த மைக் பக்கத்தில் உள்ள எல்லாச் சத்தத்தையும் உயர்த்துகிறது. மேடை சத்தமாக இருந்தால் வயலின் மைக்கில் வருவது சிம்பல்தான். வாத்தியத்திலேயே பொருத்தும் சிறு மைக்குகள் நல்லவை. எல்லாருக்கும் கட்டுப்படியாகாவிட்டால் முன்வரிசைகளுக்கு மட்டும் போடுங்கள்.

இதைச் சொல்லாமல் விட முடியாது: வயோலா, பஸூன் கலைஞர்களின் தலைக்குப் பின்னால் பிராஸும் ட்ரம்ஸும் இருக்கும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு பணியிட இரைச்சல் விதிகள் எட்டு மணி நேரச் சராசரிக்கு 85 டெசிபெல் என்று எல்லை வைக்கின்றன. ராக் மேடை அதைச் சுலபமாகத் தாண்டும். காதடைப்பான் வாங்கி ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வையுங்கள், தலைக்குப் பின்னால் தடுப்பு போடுங்கள். அவர்களின் செவிதான் அவர்களின் பிழைப்பு.

12. ஆர்கெஸ்ட்ராவுடன் ஒத்திகை

மூன்று மணி நேர ஒத்திகையில் இடைவேளை 20 நிமிடம் போக 160 நிமிடம். பன்னிரண்டு பாடல் என்றால் ஒன்றுக்கு 13 நிமிடம். ஐந்து நிமிடப் பாடலை இரண்டு முறை வாசிக்கலாம், நடுவில் மூன்று நிமிடம் பேசலாம், அவ்வளவுதான். நேரம் தாண்டினால் கூடுதல் கட்டணம். இந்தக் கணக்கைப் பேண்டின் எல்லாரும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஆர்கெஸ்ட்ரா வரும் முன்னே பேண்டின் ஒலிச்சோதனை முடிந்திருக்கட்டும். நிகழ்ச்சி வரிசையில் ஒத்திகை பார்க்காதீர்கள். கடினமான பாடல் முதலில், மனமும் உதடும் புதிதாக இருக்கும்போது. ஹார்ப், ட்யூபா போன்றவர்களுக்கு இரண்டு பாடலில்தான் வேலை என்றால், அவற்றை அடுத்தடுத்து வைத்து அவர்களைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

ஒவ்வொரு பாடலையும் முதல்முறை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். தப்பில் பாதி இரண்டாம் முறை தானாகச் சரியாகும். பேண்ட் உறுப்பினர் எதையாவது மாற்ற நினைத்தால் கண்டக்டரிடம் மட்டும் சொல்ல வேண்டும், நேராக வயலின்களைப் பார்த்துப் பேசக் கூடாது. கண்டக்டரும் மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்: எந்த எழுத்து, எத்தனையாவது பார், என்ன மாற்றம்.

அரேஞ்சர் ஸ்கோருடன் சபையில் உட்காரட்டும், ஒலிப்பொறியாளர் பக்கத்தில். எந்த பாரில் ஓபோ சோலோ வருகிறது என்று பொறியாளருக்குத் தெரியாது. ஆறேழு விநாடி முன்னதாகச் சொல்ல ஆள் இருந்தால்தான் அந்த மைக் சரியான நேரத்தில் எழும். நிகழ்ச்சி அன்றும் அவர் அங்கேயே இருக்க வேண்டும்.

13. நிகழ்ச்சி முடிந்ததும்

கிளிக் ஓடும் கணினிக்கு மாற்றுக் கணினி ஒன்று, அதே கோப்புகளுடன், நிகழ்ச்சி முழுக்கச் சேர்ந்து ஓடட்டும். மற்றபடி அன்றைக்குப் புதிதாகச் செய்ய எதுவும் இருக்கக் கூடாது.

கலைஞர்கள் கிளம்பும் முன் எல்லாப் பார்ட்களையும் திரும்ப வாங்குங்கள். அவற்றில் பென்சிலால் எழுதப்பட்ட வில் குறிகளும் திருத்தங்களும் உங்கள் மென்பொருள் கோப்பில் இல்லை. ஒரு வாரத்துக்குள் அவற்றைக் கோப்பில் ஏற்றி, திருத்திய ஸ்கோர், பார்ட்கள், வேக வரைபடம், கிளிக் கோப்புகள், மேடை வரைபடம், மைக் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேமியுங்கள். அடுத்த ஆண்டு பினாங்கில் வேறொரு ஆர்கெஸ்ட்ரா கூப்பிட்டால் இந்தத் தொகுப்பை அப்படியே அனுப்பினால் போதும், பத்தாம் படியிலிருந்து தொடங்கிவிடலாம்.